7 நாளில் 5 லீக் ஆட்டம்: ஜூனியர் அணியை நடத்துவது எப்படி

கோச்சின் கண்ணில் அன்றைய ஆட்டம்தான் நிற்கும். அது அவர் வேலை. வாரம் முழுவதையும் பார்க்க இன்னொருவர் வேண்டும். எங்கள் கிரிக்கெட் கிளப்பின் 13 வயதுக்கு உட்பட்டோர் அணியில் அந்த இன்னொருவர் நான். பெயருக்கு மேலாளர். எனக்குப் பந்து வீசவும் வராது, கவர் டிரைவ் சொல்லித்தரவும் வராது. வேலை செய்யும் இடத்தில் ஷிஃப்ட் அட்டவணை போடுகிறவன் நான். யார் தொடர்ந்து இரண்டு ராத்திரி வந்திருக்கிறார், யாருக்கு ஓய்வு பாக்கி, யார் முடியாமலேயே 'முடியும்' என்கிறார் என்று பார்த்துப் பழகிய கண். லீக் வாரத்துக்கு வேண்டியதும் அந்தக் கண்தான் என்பது என் கட்சி.

ஐந்து ஆட்டத்தையும் ஐந்து தனி ஆட்டமாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு காலையும் அணியின் சிறந்த 11 பேரைத்தான் இறக்கத் தோன்றும். அதில் தப்பும் தெரியாது. நாலாவது நாள் வேகமாக வீசுகிற பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்காமல் போவது அதைவிடத் தாமதமாகத் தெரியும். ஆகவே முதல் பந்து வீசப்படும் முன்பே முழு வாரத்துக்கும் ஒரே தாளில் கணக்குப் போட்டுவிட வேண்டும்.

தாளை எப்படிப் போடுவது

ஒரு உதாரண வாரம் வைத்துக்கொள்வோம். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் ஆட்டம். புதன் ஓய்வு. எல்லாம் 20 ஓவர் ஆட்டங்கள். அணியில் 14 பிள்ளைகள்.

5 ஆட்டத்துக்கு 11 பேர் வீதம் மொத்தம் 55 இடம். 14 பேருக்குப் பங்கிட்டால் 13 பேருக்கு 4 ஆட்டம், ஒருவருக்கு 3 ஆட்டம். அதாவது ஒவ்வொருவரும் ஒரு நாள் வெளியே உட்காருவார்கள், ஒரே ஒரு பிள்ளை மட்டும் இரண்டு நாள். இவ்வளவுதான் கணக்கு. இதை எழுதிப் பார்க்காதவரை 'எல்லாருக்கும் வாய்ப்பு கொடுக்க முடியாதே' என்று பெரிய தர்மசங்கடமாகத் தெரியும். எழுதினால் அப்படி ஒன்றும் இல்லை.

தாளில் இடப்பக்கம் 14 பெயர், மேலே 5 நாள். முதலில் வர முடியாத நாட்களை அடித்துவிடுங்கள். வீட்டு விசேஷம், தேர்வு, பயணம் எதுவாக இருந்தாலும் பெற்றோரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். 'பார்த்துச் சொல்கிறேன்' என்ற பதிலை 'வரமாட்டான்' என்றே குறித்துக்கொள்கிறேன், வந்தால் சந்தோஷம். அடுத்து வேகப்பந்து வீச்சாளர்களின் ஓய்வு நாட்களைப் போடுங்கள், அது எப்படி என்று கீழே வருகிறது. அப்புறம் இரண்டு விக்கெட் கீப்பர்கள். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். 20 ஓவர் என்றால் வைடு, நோ பால் சேர்க்காமலே 120 பந்து. ஐந்து ஆட்டத்துக்கு 600 முறை உட்கார்ந்து எழ வேண்டும். ஒரே பிள்ளையின் முழங்காலிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. மீதி இடங்களை இதற்கெல்லாம் பிறகு நிரப்புங்கள்.

இரண்டு நாள் உட்காரப்போவது யார்? பலர் 'கொஞ்சம் சுமாராக ஆடுகிற பிள்ளை' என்று முடிவெடுப்பார்கள். நான் அந்த இடத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளரை வைப்பேன். அவன் உடம்புக்கு எப்படியும் அந்த ஓய்வு தேவை. நல்ல வீச்சாளரே இரண்டு நாள் வெளியே இருக்கிறான் என்று பார்த்தால் மற்ற பிள்ளைகளும் உட்காருவதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வதில்லை.

தாள் தயாரானதும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் முழு வாரத்தையும் காட்டிவிடுங்கள். நாளுக்கு நாள் அறிவிக்கவே கூடாது. 'சார், நாளைக்கு நான் இருக்கேனா?' என்று ஒரு பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அன்றைய ஃபீல்டிங்கில் அதன் கவனம் இருக்காது. 'வெள்ளிக்கிழமை நீ ஸ்கோர் எழுதுகிறாய், சனிக்கிழமை மூன்றாவதாக பேட் பிடிக்கிறாய்' என்று முன்பே சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

பேட்டிங் வரிசையையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு பிள்ளை வாரம் முழுக்க 9ஆவது ஆளாகவே இருந்தால் நாலு ஆட்டம் ஆடியும் நாலு பந்துகூடச் சந்திக்காமல் போகலாம். ஒரு ஆட்டத்தில் 8, 9, 10 என்று இறங்குகிறவர்கள் இன்னொன்றில் முதல் நாலுக்குள் வர வேண்டும். இதற்கு கோச் முகம் சுளிப்பார். 'சரி சார், எந்த ஆட்டத்தில் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று அவர் கையில் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள்.

ஓவர் கணக்கு: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

5 ஆட்டம், 20 ஓவர் வீதம் 100 ஓவர். இந்த 100 ஓவரை யார் யார் வீசுவது என்பதுதான் வாரத்தின் மையக் கேள்வி.

வளரும் பிள்ளையின் கீழ் முதுகெலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. வேகமாக வீசும்போது முன்கால் தரையில் அறைகிற அதே நொடியில் உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டிலும் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. அந்த அடி முதுகெலும்பின் பின்பக்கத்து மெல்லிய எலும்பில், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் விழும். ஒரு அடியில் ஒன்றும் ஆகாது. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப விழுந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விடும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் இந்த விரிசலால்தான் படுத்தார். அதே நாட்டின் பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் அறிமுகமாகி, இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அவருடைய அடுத்த டெஸ்ட் 2017இல் ராஞ்சியில். நடுவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போனது. அதில் பெரும்பகுதியைத் தின்றது முதுகுதான். ஒரு தேசிய வாரியத்தின் மருத்துவர்கள், உடற்பயிற்சியாளர்கள் எல்லாரும் சூழ இருந்தவருக்கே இந்தக் கதி. நம் பையனுக்கு இருப்பது நம் தாள் ஒன்றுதான்.

இங்கிலாந்து வாரியம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய வழிகாட்டி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது எண்ணில் பேசுகிறது. 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 15 வயதுக்கு உட்பட்டவர் ஒரே மூச்சில் 6, ஒரு நாளில் 12. ஒரு முறை வீசி முடித்தால், அதே முனையிலிருந்து அத்தனை ஓவர் கழிந்த பிறகுதான் மறுபடி பந்தைத் தொடலாம். எந்த 7 நாளை எடுத்தாலும் 4 நாளுக்கு மேல் வீசக் கூடாது, தொடர்ந்து 2 நாளுக்கு மேல் கூடாது. உங்கள் லீக்குக்கு என்று தனி விதி இருந்தால் அதுதான் செல்லும். இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

20 ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 4 ஓவர்தானே, நாள் வரம்பைத் தாண்ட வழியே இல்லையே என்று தோன்றும். உண்மைதான். லீக் வாரத்தில் கடிப்பது அந்த 4 நாள் வரம்பும் தொடர்ந்து 2 நாள் வரம்பும்தான். நம் உதாரண வாரத்தில் வியாழன், வெள்ளி, சனி மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. யாரும் மூன்றிலும் வீச முடியாது.

மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். முதலாமவன் திங்கள், வியாழன், சனி. இரண்டாமவன் திங்கள், செவ்வாய், வெள்ளி, சனி. மூன்றாமவன் செவ்வாய், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள், யாருக்கும் தொடர்ந்து மூன்று நாள் வராது. நாலு நாள் வீசுகிற இடம் மூவரில் மூத்தவனுக்கு, உடம்பு திடமானவனுக்கு. முன்பு சொன்ன இரண்டு நாள் ஓய்வு முதலாமவனுக்கு: செவ்வாயும் வெள்ளியும். மூன்று பேரும் சேர்ந்து 40 ஓவர் வீசிவிடுவார்கள். மீதி 60 ஓவர் ஸ்பின்னர்களுக்கும் மெதுவாக வீசுகிறவர்களுக்கும். ஆட்டத்துக்கு 12 ஓவர் வருகிறது. மூன்று பேரிடம் முடித்துவிடலாம்தான். ஆனால் ஐந்தாறு பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தால் வாரக் கடைசியில் அணியில் முக்கால்வாசிப் பேர் பந்து வீசியிருப்பார்கள்.

யார் வேகப்பந்து வீச்சாளர் என்று சண்டை வரும். 'அவன் மீடியம்தான் சார், கணக்கில் சேர்க்காதீர்கள்' என்பார்கள். அதற்கும் அந்த வழிகாட்டியிலேயே எளிய அளவுகோல் உண்டு: சாதாரணமாக விக்கெட் கீப்பர் ஸ்டம்புக்குப் பின்னால் தள்ளி நின்று பிடிக்கிற மாதிரி வீசுகிறவர் எல்லாரும் வேகப்பந்து வீச்சாளர்தான். கீப்பர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், பேச்சு முடிந்துவிடும்.

இனி தாளுக்கு வெளியே நடப்பவை. ஒரே பையன் பள்ளி அணிக்கும் ஆடுவான், தனியாக ஒரு கோச்சிடமும் போவான், வீட்டு வாசலில் அப்பாவுக்கும் வீசுவான். முதுகுக்கு இதெல்லாம் வேறு வேறு என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நெட்டில் (வலைப்பயிற்சியில்) 60 பந்து வீசியிருந்தால் அது 10 ஓவர். அன்றைய நாள் வீச்சு நாளாகவே எண்ணப்பட வேண்டும். ஆகவே வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு வேகப்பந்து வீச்சாளரின் வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். 'கடந்த ஏழு நாளில் எங்கெங்கே, எத்தனை நாள் வீசினான்?' என்ற ஒரு கேள்வி போதும். பையனிடம் கேட்டால் குறைத்துச் சொல்வான். அம்மாவிடம் கேளுங்கள்.

வலியையும் பையன்கள் மறைப்பார்கள். 'வலிக்குதா?' என்று கேட்டால் 'இல்லை சார்' என்றுதான் பதில் வரும், வீச விடமாட்டார்களே என்ற பயம். நான் 'எங்கே இறுக்கமாக இருக்கிறது, காட்டு' என்று கேட்பேன். கையை விரித்து முதுகு முழுக்கத் தடவினால் பெரும்பாலும் களைப்பு. கீழ் முதுகில் ஒரு பக்கமாக ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் அந்த வாரம் அவனுக்குப் பந்துவீச்சு முடிந்தது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மறுபடி இல்லை. இது நோயைக் கண்டுபிடிப்பது ஆகாது. அது நம் வேலையும் இல்லை. பந்தை வாங்கி வைப்பது மட்டும் நம் வேலை.

விதிப் புத்தகத்தில் கேட்க வேண்டியவை

லீக் அனுப்புகிற விதிகளை யாரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள். குறிப்பாக நாலு இடம்.

ஒன்று, பந்தும் பிட்ச்சும். கிரிக்கெட்டின் பொது விதிகளை எழுதும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் 2017 விதிகளின்படி 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம். ஆண்கள் ஆடும் பந்து 155.9 முதல் 163 கிராம். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். முழு பிட்ச் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர், சிறு வயதினருக்குப் பல லீக்குகளில் இதைக் குறைப்பார்கள். எந்த அளவு என்று தெரிந்தால் அந்த வாரத்துக்கு முந்தைய பயிற்சியிலேயே ஸ்டம்பை அந்தத் தூரத்தில் நட்டுவிடலாம். இல்லாவிட்டால் முதல் ஆட்டத்தின் முதல் ஐந்து ஓவர் ஃபுல்டாஸாகவே போகும்.

இரண்டு, ரிட்டயர் ஆகும் விதி. பல ஜூனியர் லீக்குகளில் 25 அல்லது 30 ரன் எடுத்ததும் வெளியே வந்துவிட வேண்டும். பொது விதிப்படி காயமோ உடல்நலக் குறைவோ இல்லாமல் வெளியேறியவர், எதிரணிக் கேப்டன் சம்மதித்தால்தான் திரும்ப வரலாம். வராவிட்டால் அவுட் கணக்கு. ஜூனியர் லீக்குகள் இதை மாற்றி வைத்திருக்கும். திரும்ப வரலாமா, வந்தால் எந்த வரிசையில், ஸ்கோர் புக்கில் அவுட்டா நாட் அவுட்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று, மழை. எத்தனை ஓவர் முடிந்தால் ஆட்டம் செல்லும்? இலக்கை எப்படி மாற்றுவார்கள்? ஜூனியர் லீக்கில் டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் கணக்கைப் போட ஆள் இருக்காது, பெரும்பாலும் நேர் ரன் ரேட்தான். அது இரண்டாவது பேட் பிடிக்கிறவர்களுக்குச் சாதகம், கையில் 10 விக்கெட்டையும் வைத்துக்கொண்டு குறைந்த ஓவரில் அடிக்கலாமே. மழை விதியை முன்னமே தெரிந்துகொள்ளாவிட்டால் எவ்வளவு அபத்தமாக முடியலாம் என்பதற்கு 1992 உலகக் கோப்பை அரையிறுதியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: 13 பந்தில் 22 ரன் தேவை என்று நின்ற தென்னாப்பிரிக்கா, மழை விட்டுத் திரும்பி வந்தபோது ஒரே பந்துதான் மிச்சம் இருந்தது. வானம் இருட்டுகிறது என்றால் டாஸுக்கு முன்பே கேப்டனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நாலு, டாஸ் நேரமும் பெயர்ப் பட்டியலும். பொது விதிப்படி ஆட்டம் தொடங்க 30 நிமிடம் இருக்கும்போதிலிருந்து 15 நிமிடம் இருக்கும்வரை, அதற்குள் டாஸ். டாஸுக்கு முன் 11 பேரின் பெயரும் எழுத்தில் அம்பயரிடம் போக வேண்டும். நம் தாள் ஏற்கனவே தயார் என்பதால் இது நமக்கு ஒரு நிமிட வேலை. எதிரணி மேலாளர் அந்த நேரத்தில் மூலையில் நின்று பெற்றோர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

கிட் பேக்

ஹெல்மெட் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 7928:2013 ஹெல்மெட்டைப் பந்து கம்பிக்குள் நுழைகிறதா என்று சோதிக்கச் சொல்கிறது, அதையும் பெரியவர்கள் பந்துக்குத் தனியாக, ஜூனியர் பந்துக்குத் தனியாக. ஜூனியர் பந்து சிறியது. பெரியவர் பந்துக்கு மட்டும் சோதித்த ஹெல்மெட்டின் கம்பி இடைவெளி வழியாக அது உள்ளே வந்துவிடக்கூடும். அண்ணனின் பழைய ஹெல்மெட் 'கொஞ்சம் லூஸ், பரவாயில்லை' என்று வரும். லூஸ் பரவாயில்லாமல் இருக்கலாம் என்று வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும் கம்பி பரவாயில்லை இல்லை. ஒட்டியிருக்கும் லேபிளில் எந்தப் பந்துக்குச் சோதித்தது என்று போட்டிருக்கும், ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கும் கீப்பருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

பேட் பெரிதாக இருந்தால் பையனால் நேராக இறக்க முடியாது, எல்லாப் பந்தும் குறுக்கே போகும். 'வளர்கிற பிள்ளை, அடுத்த வருடத்துக்கும் ஆகும்' என்று வாங்கிய பேட்டால் இந்த வருடத்து ரன்கள் போகும். பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டிய நேரம் சீசனுக்கு முன்பு. லீக் வாரத்தில் சொன்னால் பயனில்லை, கிளப் பையிலிருந்து சிறியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கிளப் பேடுகள் நாலு செட்டாவது வேண்டும். உள்ளே இரண்டு பேர், வெளியே கட்டிக்கொண்டு தயாராக இரண்டு பேர். அடுத்த ஆள் விக்கெட் விழுந்த மூன்று நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக வேண்டும் என்பது பொது விதி. ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் அது இரண்டு நிமிடம். 2023 நவம்பரில் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஹெல்மெட் பட்டை அறுந்து நின்றபோது நேரம் கடந்து அவுட் கொடுக்கப்பட்டார், சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி அவுட்டான முதல் ஆள். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த ஆள் தானாகவே பட்டையை இழுத்துப் பார்ப்பான்.

ஸ்கோர், ரன் ரேட்

வெளியே உட்காருகிற மூவரில் ஒருவரை ஸ்கோர் எழுத வையுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவர். ஆட்டம் புரிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அம்பயர் கை காட்டினால் ஸ்கோரர் கையைத் தூக்கிப் பதில் காட்ட வேண்டும், அதுவரை அம்பயர் காத்திருப்பார். ஒவ்வொரு ஓவருக்கும் எதிரணி ஸ்கோரரோடு மொத்தத்தை ஒப்பிட வேண்டும். கடைசியில் சரிபார்க்க ஒரு வழி: பேட்டர்கள் எடுத்த ரன்களோடு எல்லா எக்ஸ்ட்ராவையும் கூட்டினால் ஒரு எண் வரும். பவுலர்கள் கொடுத்த ரன்களோடு பை, லெக் பை (பந்து பேட்டில் படாமல் ஓடி எடுத்த ரன்கள்) இரண்டையும் கூட்டினால் இன்னொரு எண் வரும். பெனால்டி ரன் எதுவும் இல்லாத ஆட்டத்தில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட் வரும். வாரம் முழுக்க நாம் அடித்த ரன்னை நாம் சந்தித்த ஓவரால் வகுத்து, கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். இதில் இரண்டு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். ஒரு உதாரணம்:

திங்கள்: நாம் 20 ஓவரில் 124. எதிரணி 17.2 ஓவரில் 98க்கு ஆல் அவுட்.
செவ்வாய்: எதிரணி 20 ஓவரில் 110. நாம் 18.4 ஓவரில் 111 எடுத்து வெற்றி.

நாம் எடுத்தது 235. சந்தித்த ஓவர் 20உம் 18.4உம். இந்த 18.4 என்பது தசமம் இல்லை, 18 ஓவரும் 4 பந்தும், அதாவது 18.667. ஆக 38.667. வகுத்தால் 6.078. கொடுத்தது 208. ஆல் அவுட்டான அணிக்கு எத்தனை ஓவரில் அவுட்டானாலும் முழு 20 ஓவரையும் எடுக்க வேண்டும், ஆக 40 ஓவர், 5.2. நெட் ரன் ரேட் +0.878. ஆல் அவுட் விதியை மறந்து 17.2 ஓவர் என்று போட்டிருந்தால் +0.506 வந்திருக்கும். அரையிறுதி இடம் போகிற வித்தியாசம். லீக் வெளியிடுகிற பட்டியலை ஒவ்வொரு ராத்திரியும் நீங்களே போட்டுச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் மறுநாள் காலையே பணிவாகச் சொல்லுங்கள், சனிக்கிழமை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆட்ட நாளும் புதன்கிழமையும்

ஆட்ட நாளில் மேலாளருக்கு அதிக வேலை இருக்கக் கூடாது. இருந்தால் தாள் சரியில்லை என்று அர்த்தம். தண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி, பெற்றோர்களின் போன் எண்கள். ஃபீல்டர்கள் மட்டையாளருக்கு ரொம்ப அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 13 வயதுக்கு உட்பட்டோருக்கு நடு ஸ்டம்பிலிருந்து 11 கஜம் என்று வைத்திருக்கிறார்கள், ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நல்ல அளவு அது. சில்லி பாயின்ட்டில் 'தைரியமாக' நிற்கிற பையனுக்குக் கைதட்டாதீர்கள்.

தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தடுமாறினாலோ, குழம்பிப் பேசினாலோ, தலை வலிக்கிறது என்றாலோ அன்று அதோடு ஆட்டம் முடிந்தது. ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்ப அனுப்புகிற வேலை வேண்டாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும், வாரத்தின் மீதி ஆட்டங்களும் அவர் சொல்வதைப் பொறுத்துத்தான். பதிலாக இறங்குகிற பிள்ளை ஃபீல்டிங் செய்யலாம், அம்பயர் சம்மதித்தால் கீப்பிங்கும் செய்யலாம். பொது விதிப்படி பந்து வீச முடியாது.

மின்னலுக்கு ஒரு எளிய கணக்கு: வெளிச்சம் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை 30 நொடிக்குள் இருந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. மரத்தடி நிழல் கட்டடம் ஆகாது.

புதன்கிழமை நெட் வேண்டாம். தோற்ற அணியின் கோச் நெட் கேட்பார், ஜெயித்த அணியின் பெற்றோர் கேட்பார்கள். யாருக்கும் மசியாதீர்கள். அன்று பேடுகளை வெயிலில் உலர்த்தலாம், பேட்டின் பிடியை மாற்றலாம், ஸ்கோர் புக்கைத் திருத்தமாக எழுதலாம். அதோடு தாளைத் திறந்து இரண்டு ஆட்டத்தில் யாருக்கு எத்தனை ஓவர் உண்மையில் கிடைத்தது, யார் இன்னும் பேட்டே பிடிக்கவில்லை என்று பாருங்கள். திட்டமிட்டதும் நடந்ததும் ஒன்றாக இருக்காது. வியாழன் வரிசையை அதற்கேற்ப மாற்ற இதுதான் நேரம்.

சனிக்கிழமைச் சோதனை

கடைசி ஆட்டம், ஜெயித்தால் அடுத்த சுற்று. தாளின்படி நம் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் இன்று வீசக் கூடாது, ஆனால் வெள்ளிக்கிழமை 3 விக்கெட் எடுத்தவன் அவன்தான். கோச் வருவார், கேப்டன் வருவான், பையனே வந்து 'ஒரே ஒரு ஓவர் சார்' என்பான். அவன் அப்பாவும் வருவார், அவர்தான் கடினம்.

இதற்குப் பதில் சனிக்கிழமை யோசித்து வராது. திங்கட்கிழமைக்கு முன்பே, எல்லாரும் அமைதியாக இருக்கும்போது, கோச்சிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்க வேண்டும்: ஆள் இடத்தை மாற்றலாம், பேட்டிங் வரிசையை மாற்றலாம், வேகப்பந்து வீச்சாளரின் நாளை மட்டும் மாற்றக் கூடாது. எங்கள் கோச் இதற்கு ஒப்புக்கொண்டார், ஒவ்வொரு சனிக்கிழமையும் முணுமுணுத்துக்கொண்டே கடைப்பிடிக்கிறார். பையனை 11 பேரில் வையுங்கள், மேலே பேட் பிடிக்கட்டும், கவரில் நிற்கட்டும். பந்து மட்டும் கிடையாது. அப்பாவிடம் வாதாடாதீர்கள், தாளில் அவன் பெயருக்கு நேரே இருக்கும் செவ்வாய், வியாழன், வெள்ளியை விரலால் காட்டிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்து ஸ்கோர் ஷீட் லீக்குக்குப் போனதும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. 7 நாள் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை இல்லை. எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினாலும் 7 நாள். வெள்ளியும் சனியும் வீசிய இரண்டாமவன் ஞாயிறு எங்கும் வீசக் கூடாது, பள்ளி அணிக்கும் சேர்த்துத்தான். திங்கட்கிழமை அவனுக்கு நெட் இருந்தால் அதற்கு முந்தைய ஆறு நாளில் செவ்வாய், வெள்ளி, சனி என்று மூன்று வீச்சு நாள் ஏற்கனவே ஆகிவிட்டது. அதனால் புதுத் தாளை எடுத்து, மேல் வரியில் போன வாரத்தின் கடைசி ஆறு நாளையும் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து அவனுடைய பள்ளி கோச்சுக்கும் அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.